டைகரின் ஈரலும் நான் கரைத்த கொழுப்பும்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். செத்துப்போன நாயோட ஈரல் துண்டுக்குச் சாயம் ஏத்தணும்.

காரைக்குடி மாட்டாஸ்பத்திரியில நான் கம்பவுண்டர். மைக்ராஸ்கோப் பாக்குறதுக்கு மதராசுல மூணு மாசம் படிச்சவன். அந்த மூணு மாசத்தை வச்சு முப்பது வருசம் பேசுவேன்!

நாய் பேரு டைகர். பர்மாவுல இருந்து திரும்பின ஒரு செட்டியார் வளர்த்தது. "சமையக்கார முத்தையாதான் விசம் வச்சுட்டான்"னு அவர் ஒரே பிடியா நின்னார்.

டாக்டர் அறுத்துப் பாத்தார். "ஈரல்ல கொழுப்பு அடைச்சுச் செத்த மாதிரிதான் தெரியுது. சாயம் போட்டா கொழுப்பு மட்டும் செவப்பாகும். போட்டுப் பாரு"ன்னு ஒரு துண்டை, கெட்டுப்போகாம இருக்கப் பார்மலின் சீசாவுல போட்டுக் குடுத்தார். இன்னொரு துண்டையும் அதே மாதிரி பார்மலின்ல போட்டுத் தன் பீரோவுல பூட்டினார். என்னைப் பத்தி அவருக்குத் தெரியும்!

வெளியூர் கிளம்புறப்ப, "பார்மலின்லயே கெடக்கட்டும்யா. மாத்தித் தொலைக்காத"ன்னார்.

பார்மலின் நெடி கண்ணைக் கரிச்சது. மதராசுல படிச்சவன் இந்த நாத்தத்துல நிக்கணுமா? துண்டைத் தூக்கிச் சுத்த ஸ்பிரிட்ல போட்டேன். ரெண்டு நாள் சொகமா ஊறுச்சு.

மூணாம் நாள் மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, கண்ணை வச்சேன். ஒரு பொட்டுச் செவப்பு இல்ல! ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக் கெடந்தது.

செட்டியார் முத்தையாவை இழுத்துக்கிட்டு வந்து நின்னார். "என்னய்யா தெரியுது?"

நெஞ்சை நிமித்திக்கிட்டு, "கொழுப்பே இல்லீங்க!"ன்னேன்.

"அப்ப விசந்தான். நடடா போலீசுக்கு!"

முத்தையா என் காலைப் பிடிச்சுட்டான். "சாமி, நல்லாப் பாருங்க சாமி. நான் புள்ளகுட்டிக்காரன்."

"மைக்ராஸ்கோப் பொய் சொல்லாதுப்பா"ன்னேன். சொன்னதெல்லாம் நான்தான், பாவம் அந்த மைக்ராஸ்கோப்!

நல்ல வேளை, அந்நேரம் டாக்டர் வந்துட்டார். குனிஞ்சு பாத்தார்.

"இந்த ஓட்டை எல்லாம் என்ன?"

"காத்துக் குமிழிங்க ஐயா."

"துண்டை எதுலய்யா போட்டே?"

"ஸ்பிரிட்ல..."

"அடப்பாவி! ஸ்பிரிட்டு கொழுப்பைக் கரைச்சுரும்யா. இந்த ஓட்டை எல்லாம் கொழுப்பு இருந்த எடம். நாய்க் கொழுப்பைக் கரைச்சிட்ட. உன் கொழுப்பை எதுல போட்டுக் கரைக்கிறது?"

ஸ்பிரிட் சீசாவை மெல்ல முதுகுக்குப் பின்னால நகத்தினேன்.

டாக்டர் பீரோவைத் திறந்தார். பார்மலின்ல இருந்த துண்டைத் தகட்டுல வச்சு, தகட்டுக்கு அடியில ஈதர் தெளிச்சு அந்தக் குளிர்ல உறைய வச்சு, அவரே சீவி, அவரே சாயம் போட்டார். கண்ணாடி வழியா பாத்தா குங்குமம் கொட்டின மாதிரி எங்குட்டுப் பாத்தாலும் செவப்பு!

"டைகருக்குத் தினம் என்ன போடுவீக?"ன்னு செட்டியாரைக் கேட்டார்.

"நெய்ப் பணியாரந்தான். வேற ஆளை விடமாட்டேன், என் கையாலேயே ஊட்டுவேன்."

சொல்லி முடிச்சதும் அவருக்கே உறைச்சிருச்சு. முத்தையாவைப் பிடிச்ச பிடியை மெல்ல விட்டார். "நீ வீட்டுக்குப் போய் அடுப்பைப் பாருப்பா"ன்னுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டார்.

முத்தையா மட்டும் போகல. கண்ணைத் தொடச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்தான். திட்டப் போறான்னு நெனச்சேன்.

"சாமி, அந்த ஸ்பிரிட்டு கொஞ்சம் கெடைக்குமா? பணியாரச் சட்டியில பிசுக்குப் போகவே மாட்டேங்குது."

மூணு மாசம் மதராசுல படிச்சு எனக்கு ஏறாதது, நின்ன எடத்துலயே அவனுக்கு ஏறிருச்சு.