சேரப்பணஞ்சேரி நீங்கலாக

"எந்த ஊரில் வேண்டுமானாலும் குடியிருப்பேன், சேரப்பணஞ்சேரியில் மட்டும் இருக்க மாட்டேன்" என்று சுடலைக்கண்ணு சபதம் செய்தான். வாய்விட்டுச் செய்யவில்லை. அந்தத் தைரியமெல்லாம் கல்யாணத்தோடு போய்விட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, மனசுக்குள் செய்தான்.

சேரப்பணஞ்சேரி மேல் அவனுக்கு விரோதம் ஒன்றும் இல்லை. நல்ல ஊர்தான். அங்கே பரசுராமன் இருந்ததுதான் கோளாறு. பரசுராமன், மனைவி பாண்டிச்செல்வியின் அக்காள் புருஷன்; அதாவது சகலை. பதினாலு வருஷமாக ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர். நீங்கள் எதை வாங்கினாலும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "எவ்வளவு?" என்பார். சொன்னதும் நாக்கை 'ச்சு' என்று கொட்டுவார். "என்னைக் கேட்டிருந்தா பாதி விலைக்கு முடிச்சிருப்பேனே, சகலை!" மிக்ஸிக்குச் சொன்னார். பைக்குக்குச் சொன்னார். சுடலைக்கண்ணு தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கல்யாண மண்டபத்தின் வாடகைக்கும் சொன்னார்.

அப்படிப்பட்ட மனுஷர் பக்கத்துத் தெருவில் இருந்தால் கத்திரிக்காய்கூட நிம்மதியாக வாங்க முடியுமா?

திருநெல்வேலிப் பக்கத்தில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவனை ஒரகடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் பத்து நாள்தான் தங்கலாம். அதற்குள் ஏழாயிரத்துக்குள் ஒரு வீடு பிடித்தாக வேண்டும். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே பாண்டிச்செல்வி ஆரம்பித்தாள்.

"ஏங்க, அக்கா இருக்கிற பக்கமா பாத்தா என்ன? ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆள் வேண்டாமா?"

"பாப்போம். ஆனா எதையும் முறையா செய்யணும், செல்வி. நான் குவாலிட்டிக்காரன்."

முறை என்றால் செக் ஷீட். பன்னிரண்டு கட்டம். வாடகை, தண்ணீர், ஜன்னல், கதவு, கழிவறை. எல்லாவற்றுக்கும் மேலே முதல் கட்டம்: 'கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரம்.' ஒரு கட்டம் தவறினாலும் ரிஜெக்ட். தன் கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரியில் நிற்காது என்று அன்று மத்தியானமே டிரைவரிடம் நாலு தடவை கேட்டு உறுதி செய்திருந்தான்.

"அடடா, உங்க அக்கா ஊரு முதல் கட்டத்துலயே அடிபட்டுட்டே!" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான்.

"ரிஜெக்ட்டுன்னா ரிஜெக்ட்டுதான்" என்று அவள் மோர் ஊற்றினாள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற பெண்டாட்டியைப் பார்த்து எந்தப் புருஷனுக்கும் சந்தேகம் வர வேண்டும். இவனுக்கு வரவில்லை. இரண்டாம் தடவையும் மோர் கேட்டான்.

வீடு தேடும் படலம் தொடங்கியது. ஒரகடம் மெயின்ரோட்டில் கேட்ட வாடகைக்கு அவன் சம்பளத்தோடு ஓவர்டைம் பணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, சோற்றுக்குக் கோயில் வாசலில் நிற்க வேண்டியதுதான். கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"ஃபேமிலியா? ஃபேமிலிக்கு வுடறதில்லபா. கம்பெனி பசங்களுக்குத்தான். எட்டு பேரு, தலைக்கு ரெண்டாயிரம்."

"நாங்க ரெண்டே பேருதாங்க. வீடு அழுக்காகாது."

"அது சரி, மீதி ஆறு தலைக்கு யாரு குடுப்பா?"

சுடலைக்கண்ணுக்குத் தலை சுற்றியது. பிரம்மச்சாரியாக இருந்தபோது, 'கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு இல்லை' என்று சொந்த ஊரில் விரட்டினார்கள். வீடு கிடைக்குமே என்றுதான் பாதி மனசோடு கல்யாணம் செய்துகொண்டான். இங்கே வந்தால் கல்யாணம் ஆனவனுக்கு வீடு இல்லையாம்!

நாலாம் நாள் வல்லம் வடகாலில் ஒரு டீக்கடை. கடைக்காரர் கன்னியப்பனிடம் பணிவாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, இங்க வாடகைக்கு வீடு இருக்கா?"

"வூடு கீது" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

சுடலைக்கண்ணு கிளாஸை டக்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"பாத்தியா, செல்வி? மரியாதையா வீடு கேட்டா, வீடு கீடுன்னு நக்கல் பண்ணுதான்! இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான?"

பாவம், கன்னியப்பன் 'வீடு இருக்கிறது' என்றுதான் சொன்னார். அந்தப் பக்கத்தில் 'கீது' என்றால் 'இருக்கு'. அக்காளோடு தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசுகிற பாண்டிச்செல்விக்கு அது தெரியும். அக்காள் போன் வந்தாலே எழுந்து குளிக்கப் போய்விடுகிற சுடலைக்கண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

"ஆமாங்க, ரொம்பத்தான் கொழுப்பு" என்று மட்டும் சொன்னாள்.

இப்படியே அந்த வட்டாரத்தில் இருந்த வீடுகளையெல்லாம் இல்லை என்று முடிவு கட்டி, மேலும் மூன்று நாளைத் தொலைத்தான். செருப்பு தேய்ந்தது. பொறுமை அதற்கு முன்பே தேய்ந்துவிட்டது. எட்டாம் நாள் காலையில் பாண்டிச்செல்வி, "மனுஷரைக் கேட்டு ஆகல. வல்லக்கோட்டை முருகனைக் கேப்போம், வாங்க" என்றாள்.

கும்பிட்டுத் திரும்பும்போது ஒரு தெருவில் அவள் செருப்பில் கல் புகுந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கல் வெளியே வருவதற்குள் சுடலைக்கண்ணு அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே பலகை: 'வீடு வாடகைக்கு.'

"செல்வி! நான் கண்டுபிடிச்சிட்டேன்!"

"இந்த வீடா? எனக்கு என்னமோ பிடிக்கல."

"பிடிச்சிருக்கா, இல்லையான்னு செக் ஷீட்டு சொல்லும். நீ பேசாம வா."

வீட்டுக்காரி மீனம்மாள் கதவைத் திறந்தாள். "இன்னா, வூடு பாக்க வந்தீங்களா? வாங்க."

"ஃபேமிலிக்கு விடுவீங்களா?"

"ஃபேமிலிக்குத்தான் வுடுவேன். பசங்கள வுட்டா மாடி பூரா லுங்கி தொங்கவுட்டுக்கினு, தெரு வழியா போறவன் மார்க்கெட்டுன்னு உள்ள வந்துடறான்."

குழாயைத் திறந்தான், தண்ணீர் கொட்டியது. ஜன்னலைத் திறந்தான், காற்று அடித்தது. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். பதினோரு கட்டம் ஓகே. வாடகை ஏழாயிரம் என்றாள் மீனம்மாள். சுடலைக்கண்ணு மீசையைத் தடவிக்கொண்டு பேரத்தில் இறங்கினான். சுவர் விரிசலைக் காட்டினான். குளியலறைக் கதவு கிரீச்சிடுவதை மூன்று முறை கிரீச்சிட்டுக் காட்டினான். அரை மணி நேரம் மூச்சு வாங்கப் பேசி, ஆறாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றான்.

கடைசியாகப் பின்கட்டுக்குப் போனான். இன்னொரு போர்ஷன், கதவில் பூட்டு தொங்கியது.

"இங்க ஆளு இருக்காம்மா?"

"ஆளு கீது."

"கேட்டியா, செல்வி? ஆளு கீளு எல்லாம் கிடையாதாம். தொந்தரவே இல்ல!"

"கேட்டேங்க. நல்லாவே கேட்டேன்" என்றாள் பாண்டிச்செல்வி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் காய்ச்சினார்கள். பால் பொங்கியது. சுடலைக்கண்ணுக்கு மனசும் பொங்கியது. சகலையிடம் கேட்காமல், சகலை வாசனையே படாமல், சொந்தமாக ஒரு வீடு பிடித்துவிட்டான்! பின்கட்டுக் கதவு திறந்தது. பனியனும் கைலியுமாக, கையில் ஒரு டம்ளரோடு பரசுராமன் வந்தார்.

"வாங்க சகலை! சீனி கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க."

சுடலைக்கண்ணு திறந்த கதவையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குள் பால் அடுப்பில் பாதியும் தரையில் பாதியுமாகிவிட்டது.

"அக்காவும் அத்தானும் தை மாசமே சேரப்பணஞ்சேரிய விட்டு இங்க வந்துட்டாங்க. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க குளிக்கப் போயிட்டீங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

"பூட்டியிருந்ததே!"

"பூட்டிட்டு அக்கா மொட்டை மாடியில நின்னா."

"ஏம்மா, ஆளு இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று மீனம்மாள் மேல் பாய்ந்தான்.

"நான் எங்க இல்லன்னேன்? 'கீது'ன்னுதானே சொன்னேன்? இருக்கிறத 'கீது'ன்னு சொல்லாம வேற எப்டிபா சொல்றது?"

வல்லம் வடகால் டீக்கடையிலிருந்து அத்தனை வீட்டு வாசலும் வரிசையாக அவன் கண் முன்னே வந்து போயின. எல்லாம் இருந்த வீடுகள்! நெஞ்சு எரிந்தது. அப்போது பரசுராமன் சுவரைத் தட்டி, கதவை ஆட்டிப் பார்த்து, வழக்கம்போல் கேட்டார்.

"எவ்வளவு?"

போனது போகட்டும், இதிலாவது மானத்தைக் காப்பாற்றுவோம் என்று சுடலைக்கண்ணு நிமிர்ந்தான். "ஏழு சொன்னாங்க. நான் பேசி ஆறரைக்கு முடிச்சேன்."

நாக்கு கொட்டப்போகிறது என்று காதை இறுக்கிக்கொண்டான். கொட்டவில்லை.

"பலே! நல்ல ரேட்டு, சகலை" என்றார் பரசுராமன்.

சுடலைக்கண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பாராட்டு என்று அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்து அவன் கேட்டதில்லை. அந்த நிமிஷமே எல்லாரையும் மன்னித்தான். சகலையை, அக்காளை, பெண்டாட்டியை, 'கீது' என்ற சொல்லைக்கூட. கம்பீரமாக முதல் மாத வாடகையை எடுத்து மீனம்மாளிடம் நீட்டினான். அவள் எண்ணினாள். ஐந்நூறைத் தனியே உருவிப் பாண்டிச்செல்வி கையில் திணித்தாள்.

"இந்தாம்மா. ஆறாயிரத்துக்குத்தானே உங்க அக்கா வூட்டுக்காரரு பேசி முடிச்சாரு? கூட வாங்குனா எனக்குத் தூக்கம் வராது."

சுடலைக்கண்ணு மனைவியைப் பார்த்தான். அவள் ஐந்நூறை மடித்துப் பர்சில் வைத்தாள்.

"நீங்களும் பேரம் பேசணும்னு ஆசைப்படுவீங்கல்லா? அதான் ஏழுன்னு சொல்லச் சொன்னேன். ஆறுக்குக் கீழ இறக்கிருவீங்களோன்னு கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு; நல்ல வேளை, உங்களுக்கு அவ்வளவு தூரம் பேச வரல."