ஸ்டானிஸ்லாஸின் தொங்குகட்டில்

இனிமேல் தரையில் படுப்பதில்லை என்று ராயபுரம் ஸ்டானிஸ்லாஸ் முடிவு கட்டினார்.

வருஷா வருஷம் ஆகஸ்டு கடைசியில் அந்தத் தெருவிலிருந்து ஒரு கும்பல் வேளாங்கண்ணிக்கு நடக்கும். விடியலில் நடை. வெயில் ஏறினால் எங்கேயாவது மரத்தடியில் படுக்கை. வெயில் தாழ்ந்தால் மறுபடி நடை. போன வருஷம் நடந்ததில் காலுக்கு ஒன்றுமில்லை, முதுகுதான் போயிற்று. கல் குத்தியது. கட்டெறும்பு கடித்தது. கடலூர்ப் பக்கம் ஒரு நண்டு வந்து அவர் காதை விசாரித்துவிட்டுப் போனது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற மனுஷன், தானே ஒரு மூட்டையாகத் திரும்பி வந்தார்.

பரிகாரம் ஒரு கிரேக்கக் கப்பலில் கிடைத்தது. மேல்தளத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே வலையைக் கட்டி, அதில் ஒரு மாலுமி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஸ்டானிஸ்லாஸ் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சரக்குக்கு வடம் கட்டுவதுதான் அவர் தொழில். கழித்துப்போட்ட கயிறு வீட்டுக்கு வந்தது. ஒரு மாசம் உட்கார்ந்து பின்னினார். தொங்குகட்டில் என்று பேரும் வைத்தார். ஒரு ஆள் படுக்கலாம். மிகச் சரியாக ஒரே ஒரு ஆள்.

முற்றத்தில் கட்டி ஏறிப் படுத்தும் காட்டினார். மீன் அரிந்துகொண்டிருந்த பெண்டாட்டி ஃப்ளோரா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எனக்கு?"

"உனக்குத்தான் பாய் கீதே."

போன வருஷம் இரண்டு பேர் படுக்கையையும் அவர்தான் சுமந்தார். இந்த வருஷம் அவரவர் படுக்கை அவரவர் தோளில் என்று சட்டம் போட்டார். ஃப்ளோரா "சரி" என்றாள். மீனுக்குத் திரும்பிவிட்டாள்.

ஒற்றைச் சொல்லில் சரி என்கிற பெண்டாட்டியைப் பார்த்துப் பயப்படத் தெரிந்தவன் பிழைப்பான். ஸ்டானிஸ்லாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

முதல் நாள் பகல், அடையாறு தாண்டி இரண்டு புளிய மரம். கட்டினார். முற்றத்தில் அவசரத்துக்குக் கட்டியது வேறு, இங்கே தொழில்காரன் கட்டு. சரக்கு வடம் போல விறைப்பாக இழுத்துக் கட்டினார். ஏறினார். அது அவரைப் புரட்டிக் கீழே போட்டது. மறுபடி ஏறினார். மறுபடி போட்டது. மூன்றாம் தடவை வேட்டி மட்டும் மேலே தங்கியது.

"தொய்ய வுட்டுக் கட்டு. கோணலாப் படு," என்றாள் ஃப்ளோரா. காசிமேட்டு வலைக்காரர் மகள்.

தானே கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஸ்டானிஸ்லாஸ் தொய்ய விட்டார். கோணலாகப் படுத்தார். முதுகு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கும்பலுக்குத் தலைவி சிலுவையம்மாள், முன்னால் கொடி பிடித்து நடக்கிற கிழவி, வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே ஃப்ளோரா, பால் குடுத்துட்டுத் தூங்க வெச்சியா?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் குறட்டை விட்டார்.

சாயங்காலம் ஃப்ளோராவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாளைக்கு அரை மணி நேரம் அதில் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

"கயிறு உன் வெயிட்டு தாங்காதும்மே," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கப்பலுக்கு இரும்பு தூக்கின கயிறு அது. அவளுக்கும் தெரியும். பாயைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பகல் தொங்குகட்டிலைக் கட்டி வைத்துவிட்டு, பம்புசெட்டில் குளிக்கப் போனார். திரும்பி வந்தால் வலையைச் சுற்றிச் சாமந்தி மாலை. கீழே மெழுகுவர்த்தி. கும்பல் முழுக்க முழங்காலில். சிலுவையம்மாள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது?" என்றார்.

சிலுவையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லவே இல்லியே நைனா. மக வயித்துல ஒரு புள்ள தங்கணும்னு உன் கையாலயே தொட்டில் பின்னிகினு வந்து கீற. நான் வேற உன்னக் கேலி பண்ணிட்டேன்."

அவர்களுடைய மகள் ஞானசெல்விக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. பிள்ளை வேண்டுகிறவர்கள் மாதா கோயிலுக்குத் தொட்டில் வாங்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஸ்டானிஸ்லாஸ் ஃப்ளோராவைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"தொட்டில் இம்மாம் பெருசாவா இருக்கும்?" என்றார் மெல்ல.

"ரெட்டைப் புள்ள கேட்டு வேண்டிகினாருக்கா," என்றாள் ஃப்ளோரா, சிலுவையம்மாளிடம்.

சொந்த மகளுக்குப் பிள்ளை வேண்டாம், எனக்குத் தூக்கம்தான் வேண்டும் என்று ஐம்பது பேர் முன்னால் எந்த அப்பன் சொல்லுவான்? ஸ்டானிஸ்லாஸும் முழங்காலிட்டார். அங்கே ஒரு கல் இருந்தது.

எழுந்ததும் படுக்கப் போனார். சிலுவையம்மாள் பதறித் தடுத்தாள். வேண்டுதல் தொட்டிலில் மனுஷன் உட்காரக்கூடாது. சுமக்கிறவன் கோயில் போய்ச் சேருகிற வரைக்கும் வெறுந்தரையில்தான் படுக்கவேண்டும், பாயும் ஆகாது.

அன்றிலிருந்து தொங்குகட்டில் தலையில் போயிற்று. வழியில் ஊருக்கு ஊர் பெண்கள் ஓடி வந்து தொட்டு முத்தம் கொடுத்தார்கள். பிள்ளையில்லாதவர்கள் கையகல மரத்தொட்டில், துணித்தொட்டில் என்று ஆளுக்கொன்று அதில் முடிந்துவிட்டார்கள். புதுச்சேரி தாண்டும்போது ஸ்டானிஸ்லாஸ் கழுத்து தோளுக்குள் போய்விட்டது. பகலில் அது இரண்டு மரத்துக்கு நடுவே கடற்காற்றில் காலியாக ஆடும். அதற்குக் கீழே கட்டாந்தரையில் அவர் புரளுவார். கட்டெறும்புகள் ஆளைத் தெரிந்து வைத்திருந்தன.

வேண்டுதல்காரர் பெண்டாட்டி சுமை தூக்கலாமா? ஃப்ளோராவின் பாயைச் செல்வநாதன் என்கிற ரயில்வேக்காரன் வாங்கிக்கொண்டான். யாரோ ஒரு ஜமக்காளமும் கொடுத்தார்கள். அவள் இரண்டையும் விரித்துத் தூங்கினாள்.

வேளாங்கண்ணியில் தொங்குகட்டிலை ஒப்புக்கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் ஸ்டானிஸ்லாஸ் மனசு இளகியிருந்தது. அத்தனை நாள் சுமந்ததில் அவருக்கே அது வேண்டுதல்தான் என்று பட்டுவிட்டது.

"மாதா கண்ணத் தொறந்து ஞானசெல்விக்கு ஒரு வழி காட்டணும்."

"தொறந்தாச்சு. முழுகாம கீறா. மூணாவது மாசம்."

அவர் விரல் விட்டு மாசத்தை எண்ணினார்.

"கெளம்பறதுக்கு முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"நீ கயிறு கொண்டாந்த அன்னிக்கே சொன்னா. எப்டியோ தெரிஞ்சிகினு தாத்தா பேரப்புள்ளைக்குத் தொட்டில் பின்றாருன்னு நெனச்சேன்யா. சந்தோசத்துல அழுதேன்கூட. அப்பறம் நீயே ஏறிப் படுத்துக் காட்டின."

ஸ்டானிஸ்லாஸ் முகத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலோரத்திலும் ஃப்ளோராதான் உட்கார்ந்திருந்தாள்.