ஆமாம்சாமியின் காதுகள்

மேசைமேல் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைத் தட்டச்சர் அம்மாள் தன்னை முறைப்பதைப் பார்த்துத்தான் ஆமாம்சாமிக்கு அது தெரிந்தது.

குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் பதினான்கு வருடமாக எழுத்தர் அவர். இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டதுகூட அவருடைய அப்பாதான். யார் எதைச் சொன்னாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவதால் அந்தப் பெயர். மேலே இருப்பவர்கள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள், கூட இருப்பவர்கள் காரியக்காரத்தனம் என்றார்கள். உண்மையில் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. புகார் சொல்ல வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமே என்று, மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தப் பிழைப்பில்தான் புது மேலாளர் மண்ணைப் போட்டார். கவுண்டரை மூடிவிட்டு ஆளுக்கொரு தொலைபேசி கொடுத்துவிட்டார். தொலைபேசிக்கு ஏது உதடு?

எடுத்தார். "ஆமா, சொல்லுங்க."

மறுமுனையில் யாரோ கத்தியதில் 'மூணாவது சந்து', 'தண்ணி', 'நின்னு' என்ற அளவுக்குத் தேறியது. பாவம், குழாயில் தண்ணீர் நின்றுபோய்விட்டதாக்கும் என்று ஒரு லாரித் தண்ணீரை அனுப்பிவைத்தார்.

ஒரு மணி நேரத்தில் லாரி ஓட்டுநர் முழங்கால்வரை நனைந்து வந்து எதிரே நின்றார்.

"சார், அங்க தண்ணி நின்னு போகலை. குழாய் உடைஞ்சு தெருவெல்லாம் தண்ணி நிக்குது! அதுக்கு நடுவுல நான் இன்னொரு லாரித் தண்ணியோட போய் நிக்கிறேன். அடிக்காம விட்டாங்களே, அதுவே பெரிசு!"

"ஆமா, ஆமா."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து தொலைபேசி வயரைப் பிடுங்கிவிட்டார். பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார், பத்தே காலுக்குச் சரியாகிவிட்டது. ஒன்று கெட்டாலும் கைகொடுக்கட்டும் என்று மேலாளர் கருணையோடு இன்னொரு தொலைபேசியும் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேலாளர் முன்னால் போய் நின்று, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"அடடா, தொண்டை கட்டிக்கிச்சா? அப்ப போன் வேண்டாம். சாயங்காலம் கூட்டம் இருக்கு. நீங்க வாயே திறக்க வேண்டாம். நான் பேசறதைக் கேட்டுக் குறிப்பெடுங்க, போதும்."

மேலாளரின் மீசை மேலுதட்டைத் தாண்டிக் கீழுதட்டிலும் குடியேறியிருந்தது. ஆமாம்சாமி தலையாட்டினார். தட்டச்சர் அம்மாள் நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்து விவரம் சொன்னபோதுதான், எதற்குத் தலையாட்டினோம் என்றே அவருக்கு விளங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

கூட்டத்தில் மேலாளர் அரைமணி நேரம் பேசினார். மீசைக்குள்ளிருந்து தப்பி வந்தவை 'ஒரு வாரம்', 'எல்லாருக்கும்', 'லீவு' ஆகிய மூன்றுதான். ஆமாம்சாமி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் திருத்தமாக எழுதினார். மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று.

மறுநாள் அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. மேலாளரும், பலகைப் பக்கம் தலைவைத்தே படுக்காத பதிவறை அம்மாளும் மட்டும் வந்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு எல்லாருக்கும் லீவு ரத்து என்றல்லவா மேலாளர் சொல்லியிருந்தார்!

ஆமாம்சாமி வீட்டில் ஆனந்தமாகச் சாய்ந்திருந்தபோது வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது. அலுவலக லீவோடு சம்பந்தமில்லாத ஒப்பந்த ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"மேலாளர் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு சார். முகம் சரியில்லை."

ஆமாம்சாமி துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றப் போனார். மனைவி அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, காது கேக்கலைங்கிறதுக்காக ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. எத்தனை தடவை சொல்றது? இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லிடுங்க."

"அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்."

"உங்க தலையாட்டல் மட்டும் கறிக்கு உதவிச்சாக்கும்!"

மேலாளர் அறைக்குள் நுழைந்ததும், துணிச்சல் கரைவதற்குள் கொட்டிவிட்டார். "சார், எனக்குக் காது கேக்காது. தொண்டைக்கு ஒண்ணுமில்லை. வயரைப் பிடுங்கினதும் நான்தான்."

மேலாளரின் மீசை அசைந்தது. ஆமாம்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலை தானாக ஆடப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். "புரியலை சார்," என்றார். பதினான்கு வருடத்தில் அந்த அலுவலகத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

மேலாளர் ஒரு தாளை இழுத்துப் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார்.

'இதற்காக உங்களை நீக்கவும் முடியாது, பதவியைக் குறைக்கவும் முடியாது. வேண்டிய வசதி செய்து தருவது என் கடமை. சலுகை இல்லை, உங்கள் உரிமை. என்ன வேண்டும்?'

ஆமாம்சாமி இரண்டு முறை படித்தார். கண் கலங்கியதில் மூன்றாவது முறை படிக்க முடியவில்லை.

"கவுண்டர் வேணும் சார். முகத்தைப் பாத்துக் கேட்டா நான் ஒரு புகாரும் தப்பா எழுதினதில்லை. போனை எடுத்துடுங்க. அப்புறம்..." தயங்கினார். "உங்க மீசை."

மேலாளர் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதினார்: 'நாளைக்கே வெட்டிவிடுகிறேன். என் மனைவியும் சந்தோஷப்படுவாள்.'

ஆமாம்சாமி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, பதினான்கு வருடத்து மூச்சையும் சேர்த்து விட்டார்.

மேலாளர் பதிவறை அம்மாளை அழைத்தார். "இவருக்குக் காது கேக்காதுன்னு இவரோட பணிப்பதிவேட்டுல இன்னைக்குத் தேதி போட்டு எழுதிடுங்கம்மா."

அந்த அம்மாள் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஆமாம்சாமிக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"காது கேக்காதவங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துலதான் உங்களுக்கு இந்த வேலையே கொடுத்திருக்குன்னு, சேர்ந்த அன்னைக்கே சொன்னேனே சார், நீங்ககூட 'ஆமா, ஆமா'ன்னீங்களே!"