கப்பல் இன்னும் வரவில்லை

கட்டுரை திருத்தப் பள்ளி புதிதாக வாங்கியிருந்த மெஷின், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குச் சராசரியாகப் பத்துக்கு நாலு போட்டிருந்தது. கீழே ஒரு குறிப்பு: 'வாக்கியங்கள் மிக நீளம்.'

தமிழாசிரியர் சம்பத்குமார் சிரித்தார். அழகு போதவில்லை, அதனால்தான் மெஷினுக்குப் பிடிபடவில்லை என்று முடிவுசெய்து, அடுத்த கட்டுரையில் வரிக்கு வரி அடைமொழி சேர்க்கச் சொன்னார்.

மூன்று வந்தது.

தலைமையாசிரியை ஜெயபாய் கூப்பிட்டனுப்பினார். அடுத்த கட்டுரையிலும் ஐந்தைத் தொடாவிட்டால், திங்கட்கிழமை முதல் அந்த வகுப்பு ஸ்டெபி டீச்சருக்கு என்றார். அந்த வகுப்பு சம்பத்குமாருக்கு உயிர். தன் தரப்பை விளக்க ஆரம்பித்தார். முன்னுரை முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

இனி மாதிரிக் கட்டுரையைத் தானே சொல்வது என்று தீர்மானித்தார். தலைப்பு, 'எங்கள் மாவட்டத் துறைமுகம்'. வகுப்பு எழுதியது. முதல் வாக்கியம் பொதிகை மலையில் பிறந்து, தாமிரபரணியோடு இறங்கி, கரையில் இருந்த கோயில்களில் எல்லாம் நின்று நின்று வந்தது.

தளவாய் எழுந்தான். "சார், இங்கன ஒரு புள்ளி வச்சுக்கிடட்டா?"

"எதுக்குடா?"

"ஏரல் வந்துட்டு சார். எங்க ஊரு. நான் எறங்கிக்கிடுதேன்."

வகுப்புக்கே இரண்டு மார்க். குறிப்பு: 'கப்பல் இன்னும் வரவில்லை. முதலில் விஷயத்துக்கு வரவும்.'

சாயங்காலம் ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டுக்கு வந்தபோது, மனைவி ஆதிலக்ஷ்மி லேப்டாப்பின் முன்னால் இருந்தாள். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. என்ன வேலை என்று அவள் சொல்ல வந்த அன்று, இவர் உழைப்பின் பெருமையை விளக்கப் போய், பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

இன்றும் காபி டம்ளரோடு ஆரம்பித்தார். ரசனை என்றால் என்ன, இயந்திரத்துக்கு அது ஏன் வராது என்று போய்க்கொண்டே இருந்தார். காபியில் ஆடை படிந்தது.

"மொதல்ல விஷயத்துக்கு வாங்கோ," என்றாள் ஆதிலக்ஷ்மி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"திங்கட்கிழமை என் வகுப்பு போறது."

வீட்டில் அவர் இதுவரை பேசியதிலேயே மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். தொடர்ந்து முணுமுணுத்தார். "நீயும் அந்த மெஷின் மாதிரியே பேசறே."

ஆதிலக்ஷ்மியின் விரல்கள் நின்றன.

மூலையில் படித்துக்கொண்டிருந்த மகள் ஜான்ஹவி நிமிர்ந்தாள்.

"மெஷினுக்கு இன்னும் பாடம் நடந்துண்டிருக்குப்பா. அதுவரைக்கும் மார்க் போடறது அம்மாதான். உங்ககிட்ட சொல்லத்தான் மூணு மாசமாப் பாக்கறா."