நான் மட்டும் தட்டிய கைதட்டல்

காது கேட்காதது என்னைக் கெடுக்கவில்லை. அதை மறைப்பதில் எனக்கிருந்த சாமர்த்தியம்தான் கெடுத்தது.

இருபத்தெட்டு வயதில், திருவானைக்காவல் பள்ளிக்கூடம் ஒன்றில் மாலை நேர முதியோர் கல்வி வகுப்புக்கு டீச்சராகப் போனேன். பதினோரு பெண்கள், எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். என் வலது காதில் மெஷின். (இடது காது பிறந்ததிலிருந்தே லீவு.) மெஷின் தெரியாதபடி முடியை இழுத்துவிட்டிருந்தேன்.

"உங்க பேரு, ஏன் படிக்க வந்தீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன். முதல் ஆள் முடிப்பதற்குள் பேட்டரி செத்துவிட்டது. மாற்று பேட்டரி ஸ்ரீரங்கத்தில், வீட்டு ஃப்ரிட்ஜ் மேல்.

சொல்லியிருக்கலாம். முதல் நாளே வேலை போய்விடுமோ என்று பயம். உதட்டைப் பார்த்துச் சிரித்து, "வெரி குட்" சொல்லிச் சமாளித்தேன். அடுத்த இருவரிடம் அது பலித்தது.

பிறகு எழுந்தவர் ஆரோக்கியமேரி. ஐம்பது வயதிருக்கும். தலை குனிந்து, முந்தானையால் வாயை மூடியபடி நெடுநேரம் பேசினார். வெட்கம் போல என்று நினைத்தேன்.

"வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க!" நானே தட்டத் தொடங்கினேன்.

வேறு யாரும் தட்டவில்லை. ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

ஆரோக்கியமேரி என் மேஜைக்கு வந்தார். அறையப்போகிறார் என்றே நினைத்தேன். முகத்தருகே குனிந்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: "காது கேக்கலையா டீச்சர்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

முந்தானையை எடுத்துவிட்டு, எனக்காக மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். "என் வீட்டுக்காரர் செத்து பத்தாம் நாளு, ஆஸ்பத்திரி பேப்பர்னு கொழுந்தன் நீட்டுனாரு. கைநாட்டு வெச்சேன். வீடு போயிருச்சு."

"மன்னிச்சிருங்கம்மா. கேக்காதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லிட்டுத்தானே டீச்சர் இங்க வந்து உக்காந்திருக்கேன்?"

மறுநாள் முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனேன்.

அந்த வீடு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் என்னைக் கிண்டல் செய்ய என் கணவர் கை தட்டுகிறார்.

ஒவ்வொரு புது வகுப்பின் முதல் நாளும் ஆரோக்கியமேரி கூப்பிடாமலே வந்து நிற்பார். புதிதாக வந்தவர்களிடம் சொல்வார்:

"டீச்சர் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. இல்லன்னா எழவு சொன்னாலும் கை தட்டிருவாங்க."