என் பரிசப் புடவை நடித்த படம்

சினிமாக்காரர்கள் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் காதில் ஏறியிருக்காது.

திருப்புலிவனத்தில் எங்கள் தெரு முழுக்கக் கூலி வேலைதான். நடவு நேரத்தில் மெட்ராஸிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். கதையில் ஒருத்தி நாற்று நடுகிறவளாம். நம்மைப் பற்றிய படம் என்று நாங்களும் (முகம் கழுவி, பவுடர் வேறு பூசிக்கொண்டு) வரப்பில் நின்றோம். நடிகை காரைவிட்டு இறங்கினாள். எலுமிச்சம்பழ நிறம். அவளைக் கறுப்பாக்க ஓர் ஆள் டப்பாவும் பஞ்சுமாக அரைநாள் உட்கார்ந்து பூசினார். நாங்கள் பூசாமலே கறுப்பாக நின்றுகொண்டிருந்தோம்.

"ஏன் சார், நாங்க நின்னா ஆவாதா?" என்று மேனேஜரைக் கேட்டேன். (வாய் எனக்கு அப்போதே ஜாஸ்தி.)

"நீங்கள்லாம் கேமராவுல எடுபட மாட்டீங்கம்மா. தள்ளி நில்லுங்க. நடவுக்குக் கட்டுற புடவை இருந்தா ஒண்ணு குடு."

அவர் கேட்டது சேறுபட்ட கிழிசலை. மெட்ராஸ்காரர் கையில் கிழிசலைக் கொடுக்க எனக்கு வெட்கம். அம்மா கழனிக்குப் போயிருந்த நேரம், பெட்டியைத் திறந்து பரிசப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். மாகறலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பரிசம் போட்டபோது கொடுத்த கட்டம் போட்ட புடவை. "நாளைக்கே வந்துடும்" என்றார் மேனேஜர். இன்னும் வரவில்லை.

மழை பொய்த்து, கல்யாணம் அடுத்த தைக்குத் தள்ளிப்போனது. அதற்குள் படம் உத்திரமேரூர் கொட்டகைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் வந்த படமாயிற்றே, மாப்பிள்ளை வீட்டாரையும் கூப்பிடச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். பெண்கள் பக்கம் மணலில் நானும் எனக்கு மாமியாராக வரவிருந்த அத்தையும் ஒட்டி உட்கார்ந்தோம். மாப்பிள்ளை தடுப்புக்கு அந்தப் பக்கம்.

மூன்று ஜோடிகள் பிரிகிற கதை. பங்களா ஜோடிகள் இரண்டும் பிரிவதற்கு மாடிப்படி, பியானோ, ஆளுக்கொரு பாட்டு. எங்கள் ஜோடிக்கு ஒரு குடிசை, ஒரு குடிகாரன். அவள் நாங்கள் யாரும் பேசாத ஒரு பாஷையில் "சாமீ, சாமீ" என்று அழுதாள். எங்கள் தெருவிலிருந்து அந்தப் படத்தில் நடித்தது என் புடவை மட்டும்தான்.

நான் அதையா யோசித்தேன்? கொட்டகையே திரும்பிப் பார்க்க, "ஐ, என் பரிசப் பொடவ!" என்று கத்தினேன்.

அடுத்த நொடி திரையில் அந்தக் குடிகாரன் அவள் தாலியை அறுத்தெறிந்து வெளியே தள்ளினான்.

"இன்னாடி சொன்ன?" என்றார் அத்தை. "நாங்க குட்த்த பொடவயா அது?"

"ஆமா அத்தே. சும்மா நடிக்கத்தான்..."

"தாலி அறுத்த பொடவயக் கட்டிக்கினு எம்மவன் பக்கத்துல குந்துவியா?" எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். "டேய், எய்ந்திரு. வூட்டுக்குப் போலாம்."

மறுநாளே பரிசத்தை முறித்துவிட்டார்கள்.

பிறகு வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டேன், குறையில்லை. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது இரவல் கேட்டால் என் மகள், "குடும்மா, நடிச்சிட்டு வரட்டும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரிக்கிறேன்.

ஆனால் மாகறல்காரரை எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்குத் தன் அம்மா கூப்பிட்டதும் மணலைத் தட்டிக்கொண்டு போனவர், ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.