விதையில்லாப் படிகம்

மலையிலிருந்து இறங்கும் எந்தப் பொருளும் ஏலக்காயாகவே கருதப்படும் என்பது, போடிமெட்டு மலைச்சரக்குத் தரமறி சாவடியின் முதல் விதி. பலாப்பழம் இறங்கினாலும் 'பெரிய ஏலக்காய்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதனால் நாட்டுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

அந்தச் சாவடியில்தான் அனுப்பிரியா வந்த ஜீப்பு நின்றது. அவள் கையில் ஒரு டப்பி. டப்பிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி உலையில் மாசக்கணக்காய்க் கண் முழித்து வளர்த்த ஒற்றைப் படிகம். மதுரைக்குக் கொண்டுபோய், அதில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது, சூடு எப்படிப் பரவுகிறது என்று அளந்துவிட்டால் டாக்டர் பட்டம். பார்வைக்கு, பொய் சொல்லக் கூடாது, அது ஏலக்காய் அளவுதான் இருந்தது.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி காசிமாயன்.

"டோபாலஜிக்கல் உலோகம் சார். உள்ள ஒரு மாதிரியும் மேல்பரப்புல வேற மாதிரியும் கரண்டு ஓடும்."

காசிமாயன் முகம் இருண்டது. "உள்ள ஒண்ணு, மேல ஒண்ணா? அப்ப சாயம் ஏத்துன காய்."

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். சாயம் வரவில்லை. சந்தேகம் வலுத்தது.

"ஒசத்தியான சாயம். உடைச்சுப் பாத்துருவோம்."

"ஐயோ சார்! இது ஒற்றைப் படிகம், உடைச்சா அளக்கவே முடியாது!"

"ரெண்டாகும்ல? உனக்குத்தானம்மா லாபம்."

தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பும் மாயக்காள் ஜீப்புக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "அடி ஆத்தா, ஒத்தக் காய்க்கா இம்புட்டு அழுகை? நாளைக்கு மடி நெறைய நான் தர்றேன். சார், வெரசா உடைங்க, வீட்டுல சோலி கெடக்கு."

"உடைங்கண்ணே, அடுத்த லோடு நிக்குது" என்றான் ஜீப்பு ஓட்டும் சின்ராசு.

பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று, எடைக்கல்லால் ஒரே தட்டு. உள்ளே விதை இல்லை.

"போச்சு. இனி எதை அளக்க?" என்று உட்கார்ந்துவிட்டாள் அனுப்பிரியா.

காசிமாயனுக்கு மனசு இளகியது. "அளக்கத்தான கொண்டு போற? நாங்க எதுக்கு இருக்கோம்?"

பெரிய துண்டில் பேட்டரியையும் பல்பையும் வைத்தார், பல்பு எரிந்தது. எல்லாத் துண்டுகளையும் பக்கத்து டீக்கடை அடுப்பில் போட்டு வாட்டி, விரல் வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார்: 'மின் பண்பு: உண்டு. வெப்பப் பண்பு: சுடும். ரகம்: விதையில்லா ஏலக்காய்.'

மதுரையில் அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் முனீஸ்வரன் டப்பியிலிருந்த கரியைப் பார்க்கவில்லை. முத்திரையைப் பார்த்தார்.

"மறுபடி வளர்த்துக் கொண்டாறேன் சார்" என்றாள் அனுப்பிரியா.

"எதுக்கும்மா? நம்ம அளக்குற மிஷினு எப்பவோ படுத்துருச்சு. இது அரசாங்கமே அளந்தது. யாரு கேள்வி கேக்கப் போறா?"

அனுப்பிரியா யோசித்தாள். போடி பஸ் ஸ்டாண்டில் 'டாக்டர் அனுப்பிரியா' என்று மாமன்மார் ஏற்கெனவே பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

"யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்றாள்.

கேட்கவில்லை. இப்போது அவள் சாவடியின் படிகப் பிரிவுக்குத் தலைமை ஆலோசகர். அவளுடைய ஆய்வு தப்பென்று யார் வேண்டுமானாலும் தாராளமாக நிரூபிக்கலாம். அதற்கு ஆணையே இருக்கிறது. முழுசாக ஒரு படிகம் கொண்டுவந்தால் போதும். முதலில் சாவடியில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஈரத்துணியும் எடைக்கல்லும் அவள் மேசை மேலேயே இருக்கின்றன.